மனநோயும் சினிமாவும்: நான்கு உண்மை வாழ்க்கைகள்

(இறுதியாண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)

முன்னுரை

ஒரு கதாபாத்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று காட்ட நம் சினிமாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம் போதும். தலையைக் கலைத்து, சட்டையைக் கிழித்து, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தலையில் கட்டை விழுந்தால் நினைவு போகும். க்ளைமாக்ஸில் இன்னொரு கட்டை விழுந்தால் நினைவு திரும்பும். நடுவில் காமெடியன் ஒருத்தர் "இது கீழ்ப்பாக்கம் கேஸுப்பா" என்பார். தியேட்டரே சிரிக்கும்.

அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-ல் சென்னையில் தொடங்கி, பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்து வரும் ஓர் அரசு மருத்துவமனையின் பெயர், நமக்குக் கிண்டல் வார்த்தை ஆகிவிட்டது. காய்ச்சலுக்கு ஜி.எச். போனவனை யாரும் கேலி செய்வதில்லை. மனசுக்கு மருத்துவம் பார்க்கப் போனவனுக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்?

உண்மையிலேயே வாழ்ந்த நான்கு பேரை வைத்து எடுக்கப்பட்ட நான்கு படங்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். படம் எதைச் சரியாகச் சொன்னது, எதை மாற்றியது, அவர்கள் வாழ்க்கையில் உண்மையில் உதவியது எது என்று பார்ப்போம். நான்கு பேரும் நான்கு தேசம். ஆனால் நால்வர் கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள்

டிப்ரஷன் என்பதைத் தமிழில் மனச்சோர்வு என்கிறோம். அரியர் விழுந்த அன்று வருகிற வருத்தம் மனச்சோர்வு நோய் இல்லை. அது நாலு நாளில் ஆறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுக்க, மனசு இறங்கியே கிடப்பது, பிடித்த விஷயம்கூடப் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடம்பில் தெம்பில்லாமல் போவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு விடாமல் வருவது, இவை சேர்ந்து வந்தால் அது நோய்.

ஸ்கிசோஃப்ரினியா என்பது மனச்சிதைவு நோய். யாரும் பேசாதபோது குரல் கேட்கும். இல்லாத சதியை இருப்பதாக உறுதியாக நம்ப வைக்கும். எத்தனை ஆதாரம் காட்டினாலும் அந்த நம்பிக்கை அசையாது. நம்மில் பலர் நினைப்பதுபோல 'ஒரு ஆளுக்குள்ளே ரெண்டு ஆளு' இருப்பது இந்த நோய் அல்ல. அது வேறு. 'அந்நியன்' (2005) படம் பேசியது அந்த வேறொன்றைத்தான்.

1. ஜான் நாஷ்: கணித மேதையும் ஓர் அறையும்

படம்: 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001). டைரக்டர் ரான் ஹோவர்ட். நாஷாக நடித்தவர் ரஸல் க்ரோ. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றது.

ஜான் நாஷ் 1928-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். 1950-ல், 22 வயதுக்குள், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு கொடுத்தார். முப்பது பக்கம்கூட இல்லை. (நம்ம ப்ராஜெக்ட் ரெக்கார்டின் தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள்!) போட்டியில் இருக்கும் ஒவ்வொருவரும், மற்றவர்கள் தங்கள் முடிவை மாற்றாதவரை, தான் மட்டும் மாறுவதால் தனக்கு லாபமில்லை என்ற ஒரு நிலை உண்டு என்று அதில் நிரூபித்தார். இன்று பொருளாதாரப் பாடத்தில் அதற்கு 'நாஷ் சமநிலை' என்றே பெயர்.

1959-ல், 30 வயதில், நோய் வெளிப்பட்டது. செய்தித்தாள் வழியாக வேற்றுக்கிரகத்தார் தனக்கு மட்டும் ரகசியச் செய்தி அனுப்புகிறார்கள் என்று நம்பினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி வந்தபோது, தான் அண்டார்டிகாவின் சக்கரவர்த்தியாகப் போவதால் வர இயலாது என்று பதில் எழுதினார். கேட்டால் சிரிப்பு வரும். அப்போது அவர் மனைவி அலிசியா கர்ப்பிணி. அந்த வீட்டை நினைத்தால் சிரிப்பு வராது.

படத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடுகள்:

அ) படத்தில் நாஷுக்கு ஒரு ரூம் மேட், ஒரு சின்னப் பெண், ஓர் உளவுத்துறை அதிகாரி ஆகியோர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பாதிப் படம் வரை அவர்கள் நிஜம் என்று நாமும் நம்புகிறோம். வாழ்க்கையில் நாஷ் குரல்களைத்தான் கேட்டார். உருவங்களைப் பார்க்கவில்லை. சினிமா கண்ணால் பார்க்கிற சாதனம் என்பதால் குரலுக்கு உடம்பு கொடுத்துவிட்டார்கள். ஆனால் இதில் ஒரு நல்லதும் உண்டு. நோயாளிக்கு அது 'கற்பனை' மாதிரி இருக்காது, நிஜமாகவே இருக்கும் என்பதை நமக்குப் புரியவைத்த படம் இதுதான்.

ஆ) படத்தில் மனைவி கடைசிவரை பிரியாமல் இருக்கிறார். வாழ்க்கையில் 1963-ல் விவாகரத்து ஆனது. ஆனால் 1970-ல் போக்கிடம் இல்லாமல் நின்ற நாஷுக்குத் தன் வீட்டில் தங்க ஓர் அறை கொடுத்தவர் அதே அலிசியாதான். கணவராக அல்ல, குடியிருப்பவராக! எல் சால்வடார் நாட்டில் பிறந்து, எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்து, கம்ப்யூட்டர் புரோகிராமராக வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண் அவர். 2001-ல் இருவரும் மறுபடியும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இ) 1994-ல் நோபல் பரிசு வருகிறபோது, புதிய மருந்துகள் சாப்பிடுவதாகப் படத்தில் நாஷ் சொல்கிறார். உண்மையில் 1970 வாக்கில் மருந்தை நிறுத்தியவர், பிறகு எடுக்கவே இல்லை. படம் பார்த்துவிட்டு நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதே இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். இந்தப் பொய்யை நான் மன்னிப்பேன். நாஷுக்கு நடந்தது அபூர்வம். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருகிறது. டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக் கூடாது.

ஈ) படத்தில் நோபல் மேடையில் அன்பைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். அந்தப் பேச்சு திரைக்கதை ஆசிரியர் எழுதியது. வாழ்க்கையில் அப்படியொரு உரை நிகழவில்லை.

சரி, எப்படித்தான் தேறினார்? கைதட்டலில் அல்ல. இருபது வருஷத்துக்கு மேல் அவர் பிரின்ஸ்டன் கட்டிடங்களில் சும்மா நடந்துகொண்டிருந்தார். யாரும் இல்லாத வகுப்பறைக் கரும்பலகையில் புரியாத கணக்குகளை எழுதிவைப்பார். மாணவர்கள் அவருக்குப் 'ஃபைன் ஹால் பேய்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் வாட்ச்மேனை விட்டு யாரும் விரட்டவில்லை. லைப்ரரியில் உட்கார விட்டார்கள், கம்ப்யூட்டரைத் தொட விட்டார்கள். மெல்ல மெல்லத் தன் மாய நம்பிக்கைகளைத் தானே நிராகரிக்கத் தொடங்கியதாக நாஷ் பின்னாளில் எழுதினார். 2015 மே மாதம், நார்வே நாட்டின் ஏபெல் பரிசை வாங்கிக்கொண்டு திரும்பிய வழியில், கார் விபத்தில் அவரும் அலிசியாவும் ஒன்றாக இறந்தார்கள்.

2. ஜேனட் ஃப்ரேம்: தவறான நோய்ப் பெயர்

படம்: 'ஆன் ஏஞ்சல் அட் மை டேபிள்' (1990). டைரக்டர் ஜேன் கேம்பியன். நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேம் எழுதிய சுயசரிதையை வைத்து எடுத்தது.

நண்பர்களே, இந்தக் கதையில் நோயைவிட நோயின் பெயர்தான் கொடுமை செய்தது. ஜேனட் 1924-ல் ஏழைக் குடும்பத்தில், ரயில்வே தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். கூச்ச சுபாவம். தங்கையும் அக்காவும் வெவ்வேறு ஆண்டுகளில் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஆசிரியைப் பயிற்சியில் இருந்தபோது, இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்க்க வந்ததும் பயந்துபோய் வெளியே நடந்துவிட்டார். உயிரை விடவும் முயன்றார். டாக்டர்கள் 'ஸ்கிசோஃப்ரினியா' என்று எழுதிவிட்டார்கள்.

அதன்பிறகு சுமார் எட்டு வருஷம் மருத்துவமனைகளில் உள்ளே வெளியே என்று போனது. இருநூறு தடவைக்கு மேல் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பது வழக்கம். (இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் இந்தச் சிகிச்சை செய்ய வேண்டும். இல்லாமல் செய்வது நம் நாட்டுச் சட்டப்படியே தவறு. முறையாகச் செய்தால் கடுமையான மனச்சோர்வுக்கு இது நல்ல சிகிச்சை.)

கடைசியில் மூளையில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்தார்கள். அந்தச் சமயத்தில் அவருடைய முதல் சிறுகதைத் தொகுதிக்கு ஓர் இலக்கியப் பரிசு கிடைத்தது. மருத்துவமனைத் தலைவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஆபரேஷனை ரத்து செய்தார். ஒரு பத்திரிகைச் செய்தி ஒரு மூளையைக் காப்பாற்றியது! பரிசு வாங்காத மற்ற நோயாளிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி படம் முடிந்தும் நம்மை விடாது. பல வருஷம் கழித்து லண்டன் டாக்டர்கள் நன்றாகப் பரிசோதித்து, அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்றார்கள்.

வெளியே வந்தவருக்கு 1955-ல் இடம் கொடுத்தவர் ஃப்ராங்க் சார்ஜசன் என்ற மூத்த எழுத்தாளர். தன் தோட்டத்தில் இருந்த ஒரு சின்னக் குடிசையைக் கொடுத்து, 'இங்கே இருந்து எழுது' என்று விட்டுவிட்டார். ஜேனட் தன் முதல் நாவலை அந்தக் குடிசையில்தான் எழுதினார். படத்தில் இசை பெரிதாக எழும்பாது, யாரும் வசனம் பேசி அழமாட்டார்கள். நான்கு படங்களில் வாழ்க்கைக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது இதுதான் என்பேன்.

3. டேவிட் ஹெல்ஃப்காட்: பியானோ இருந்த உணவு விடுதி

படம்: 'ஷைன்' (1996). டைரக்டர் ஸ்காட் ஹிக்ஸ். நடித்த ஜெஃப்ரி ரஷ்ஷுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது.

ஆஸ்திரேலிய பியானோ கலைஞர் டேவிட் ஹெல்ஃப்காட் 1947-ல் பிறந்தவர். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது மனநிலை பாதிக்கப்பட்டு, ஊர் திரும்பிப் பல வருஷம் மருத்துவமனையில் இருந்தார். அப்பாவின் கண்டிப்பும் அடியும்தான் மகனை இப்படி ஆக்கின என்பதுபோலப் படம் காட்டுகிறது. இதை அவருடைய அக்காவே மறுத்து, எங்கள் அப்பா அப்படிப்பட்டவர் அல்ல என்று 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம். இதுபோன்ற நோய்க்குக் காரணம் ஒரு ஆள் அல்ல. பிறவிக் கூறு, மூளையின் வேதியியல், வாழ்க்கை நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான் நோய் வருகிறது. சினிமாவுக்கு ஒரு வில்லன் தேவை. நோய்க்குத் தேவையில்லை. 'அம்மா சரியா வளர்க்கல', 'அப்பா அடிச்சதாலதான்' என்று ஊர் பேசுகிற பேச்சில் ஏற்கனவே நொந்துபோன குடும்பங்கள் இன்னும் நொந்துபோகின்றன.

டேவிட்டை மீட்டதும் ஓர் இடம்தான். 1980-களின் தொடக்கத்தில் பெர்த் நகரில் ஓர் உணவு விடுதிக்காரர் தன் கடையில் அவரைப் பியானோ வாசிக்க வைத்தார். சாப்பிட வந்தவர்கள் கேட்டார்கள், மறுநாளும் வந்தார்கள். 1984-ல் திருமணம் ஆனது. மீண்டும் கச்சேரி மேடை ஏறினார்.

4. வர்ஜீனியா உல்ஃப்: எந்தக் குறையும் இல்லாத வீடு

படம்: 'தி அவர்ஸ்' (2002). டைரக்டர் ஸ்டீஃபன் டால்ட்ரி. உல்ஃபாக நடித்த நிகோல் கிட்மனுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர்.

வர்ஜீனியா உல்ஃப் இங்கிலாந்தின் பெரிய நாவலாசிரியர். சிறு வயதில் தாயை இழந்ததிலிருந்து கடுமையான மனநோய் அவரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அவருடைய கணவர் லியோனார்ட் உல்ஃப், அதற்கு முன் இலங்கையில் வெள்ளைக்கார அரசு அதிகாரியாக இருந்தவர். முதலில் வேலை பார்த்தது யாழ்ப்பாணத்தில்!

1917-ல் லியோனார்ட் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வாங்கி வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார். மனைவியின் மனம் இளைப்பாறக் கைவேலை ஒன்று வேண்டும் என்பதும் ஒரு காரணம். வர்ஜீனியா எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோத்தார். டி.எஸ். எலியட்டின் புகழ்பெற்ற நீள்கவிதையை 1923-ல் தன் கையால் கோத்தவர் அவர்தான். நம்மைப் போல ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவர்களுக்கு இது புரியும். அரம் போட்டுக்கொண்டிருக்கும்போது மனசு கொஞ்ச நேரம் அரத்தோடு போய்விடும்.

படத்தில் கற்பனைப் பாத்திரம் ஒன்றும் உண்டு. 1951-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் லாரா என்ற குடும்பத் தலைவி. நல்ல கணவர், அழகான வீடு, அன்பான பையன். கணவரின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதுகூட அவருக்குப் பெரும்பாடாக இருக்கிறது. 'உனக்கு என்ன குறை?' என்று கேட்கும் எல்லோருக்கும் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டலாம். குறை இருந்தால்தான் மனச்சோர்வு வரும் என்று எந்த விதியும் இல்லை. சர்க்கரை வியாதி வந்தவரிடம் 'உனக்கு என்ன குறை?' என்றா கேட்கிறோம்?

1941-ல், 59 வயதில், வர்ஜீனியா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இங்கேதான் படத்தின் மீது எனக்கு ஒரு வருத்தம். படம் அந்த மரணத்தில் தொடங்கி அந்த மரணத்திலேயே முடிகிறது. அவர் வாழ்ந்ததே அதற்காகத்தான் என்பதுபோல ஒரு எண்ணம் வருகிறது. அப்படி அல்ல. நோயோடு மல்லுக்கட்டியபடியே அத்தனை நாவல்கள், கட்டுரைகள், நாட்குறிப்புகள் எழுதினார், நண்பர்களோடு சிரித்தார், அச்சுக்கூடம் நடத்தினார். அன்று மனச்சோர்வுக்குத் தகுந்த மருந்து கிடையாது. அந்த மருந்துகள் 1950-களில்தான் வந்தன.

நம் மண்ணில்

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' வெளிவந்த அதே 2001-ல், ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாத குடும்பங்கள். நேர்த்திக்கடனாக வந்தவர்கள்.

இதற்கு ஒன்றரை ஆண்டு முன்புதான் பாலாவின் 'சேது' (1999) வந்தது. சங்கிலி போட்ட மடத்தை நாம் திரையில் பார்த்தோம், அழுதோம். சேது தெளிந்து வெளியே வருகிறான். ஆனால் காதலி இறந்துகிடக்கிறாள். திரும்பவும் மடத்துக்கே போய்விடுகிறான். குணமானவனுக்குப் போக இடம் இல்லை! அதற்கு நேர் எதிர் 'காதல்' (2004). தெருவில் புத்தி பேதலித்துத் திரியும் முருகனைப் பார்த்து, நாயகியின் கணவர் அவனைப் பொறுப்பேற்றுக்கொள்கிறார். இது உண்மைக் கதை என்று படமே சொல்கிறது. அந்தக் கணவர் செய்ததும் அலிசியா செய்ததும் ஒரே காரியம்தான்.

ஏர்வாடிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி உதவ வேண்டும் என்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். எங்கள் வீட்டில் நான்தான் முதல். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் மருந்துச் சீட்டை நம் கையில்தான் கொடுப்பார்கள். "தம்பி, என்ன எழுதியிருக்கு பாரு" என்பார்கள். நாளைக்கு அந்தச் சீட்டு மனநல டாக்டருடையதாக இருக்கலாம். அப்போது நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்த மருத்துவம். ஆகவே தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை போல உடனே வேலை செய்யாது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளில் 'ஒண்ணும் ஆகல' என்று நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

2. கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டும் என்று வீட்டில் சொன்னால் சண்டை போட வேண்டாம். போகட்டும். கூடவே மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போங்கள்.

3. கூடப் படிக்கிறவன் லேபுக்கு வராமல், மெஸ்ஸுக்கும் வராமல், ரூமில் சுருண்டே கிடந்தால் 'சீன் போடுறான்' என்று விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னடா ஆச்சு?' என்று கேளுங்கள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ வார்டனிடமோ உடனே சொல்லுங்கள்.

4. 14416 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசிச் சேவை. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு.

முடிவுரை

நால்வருக்கும் பொதுவானது ஒன்று என்றேனே, அதற்கு வருகிறேன். நாஷுக்கு ஓர் அறையும் ஒரு நூலகமும். ஜேனட்டுக்குத் தோட்டத்துக் குடிசை. டேவிட்டுக்கு ஓர் உணவு விடுதியின் பியானோ. வர்ஜீனியாவுக்குச் சாப்பாட்டு அறை அச்சு இயந்திரம். மருந்து, டாக்டர் எல்லாம் வேண்டும். அவற்றோடு, 'நீ இங்கே இருக்கலாம்' என்று சொல்ல ஓர் ஆளும் வேண்டும். அது எப்போதும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. வர்ஜீனியாவைக் கடைசியில் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த இயந்திரம் வந்த பிறகு இருபத்துநாலு வருஷம் அவர் வாழ்ந்தார், எழுதினார்.

நமக்கு வீடு கொடுக்க வசதி இல்லை, பியானோ கொடுக்கவும் வசதி இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "வாடா, இங்க உக்காரு" என்று சொல்ல வசதி இருக்கிறது. அடுத்த முறை திரையில் ஒருவர் கிழிந்த சட்டையோடு வந்து பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால், அவரிடம் நாஷின் கதையைச் சொல்லுங்கள். இடைவேளை நேரம் போதும்.